உப்புமூட்டைப் பெட்டி

ஜூன் 4

திருப்புளிக்கு,

ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் திரிந்த உனக்கு உன் அண்ணன் வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டு உனக்கு ஒரு கடிதத்தைத் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் எண்ணை என் போனில் பிளாக் செய்துவைத்து மூன்று வருடமாகிறது. அது அப்படியே இருக்கட்டும். உன் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. பதிலையும் தாளிலேயே எழுது.

விஷயம் கார். உன் அண்ணன் உயிரை விட்ட அதே கார். வழக்கு முடிந்து போலீஸ் யார்டிலிருந்து போன மாதம் இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். பின்கொட்டகையில் நிற்கிறது. ஓட்டுகிறவர் பக்கக் கதவு உள்ளே மடங்கிக் கிடக்கிறது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. பழைய இன்ஜின் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினையும் டர்போவையும் கழற்றிக்கொள்வதாகச் சொன்னார். கூட வந்த மெக்கானிக்தான் டாஷ்போர்டுக்குக் கீழே கையைவிட்டுத் துழாவிவிட்டு முகத்தைச் சுளித்தார். "நடுவுல ஏதோ பெட்டி ஏறி உக்காந்திருக்குதும்மா. கம்பெனி ஒயரை எங்க பிரிச்சிருக்காங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். வச்சவங்களையே எடுக்கச் சொல்லுங்க."

வைத்தவள் நீ. வந்து எடு என்று நான் கூப்பிடப் போவதில்லை. எப்படி எடுப்பது என்று எழுது. நானே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மெக்கானிக் வேறு பேட்டரி மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி இன்ஜினைப் போட்டுப் பார்த்தார். லேசாக மிதித்துக் காலை எடுத்தபோது அந்த டர்போ ஒரு பெருமூச்சு விட்டது. வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் அண்ணன் விடுவாரே, அதே மூச்சு. கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அண்ணன் மகள் வாலுவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவைக்கிறேன்.

அண்ணி

*

ஜூன் 13

அன்புள்ள அண்ணி,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் இப்போது ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கிறேன். கார்களைத் தொடுவதில்லை. இங்கே எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுகிற இயந்திரங்கள். யாரும் அவற்றை வேகமாக்கச் சொல்வதில்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். காருக்குக் கம்பெனி வைத்த மூளை ஒன்று உண்டு. டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அதற்குச் சொல்லும். அந்த இரண்டுக்கும் நடுவில் நம் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சென்சார் ஒன்றரை என்று சொன்னால், பெட்டி மூளையிடம் ஒன்றுதான் என்று குறைத்துச் சொல்லும். மூளையும் அதை நம்பி இன்னும் கொஞ்சம் காற்றை விடும். அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் வெந்துபோகும். மூளையை மாற்றாமல் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்வதால்தான் அண்ணன் அதற்கு உப்புமூட்டைப் பெட்டி என்று பெயர் வைத்தான்.

கழற்றும் விதம். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருக்கும் அறையைத் திறந்து, உள்ளே இரண்டு பக்கமும் அழுத்தினால் அது கீழே தொங்கிவிடும். அதற்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்று இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கின் உதட்டை அமுக்கிக்கொண்டு பிளக்கை இழுங்கள். இரண்டு பிளக்குகள் வெளியே வந்ததும் அவற்றையே ஒன்றோடொன்று மாட்டிவிடலாம். நான் எந்த ஒயரையும் வெட்டவில்லை. எடுத்தால் பழையபடி ஆகிவிட வேண்டும் என்றுதான் வைத்தேன்.

இன்ஜினைப் போடுவதானால் கொட்டகைக் கதவு இரண்டையும் திறந்துவைத்துவிட்டுப் போடுங்கள். புகை உள்ளே தங்கக் கூடாது.

நான் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் சொல்ல ஆள் இல்லை. வாலு எப்படி இருக்கிறாள்? இன்னும் மாடிப்படியில் ஒரு படி விட்டு ஒரு படிதான் ஏறுகிறாளா?

திருப்புளி

*

ஜூன் 29

திருப்புளிக்கு,

பேட்டரி முனையைக் கழற்றினேன். அறையைத் திறந்தேன். பெட்டி கையில் தட்டுப்பட்டது. அதற்கு மேல் கை போகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

சொன்னால் சிரிப்பாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக மத்தியானம் கொட்டகைக்குப் போகிறேன். நீ சொன்னபடி இரண்டு கதவையும் திறந்துவைத்துவிட்டு, என் பழைய இடத்தில், பக்கத்து இருக்கையில் உட்காருகிறேன். கையை நீட்டிச் சாவியைத் திருப்புகிறேன். குடைக்காம்பை விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுகிறேன். அவர் பெருமூச்சு விடுகிறார். மறுபடி அழுத்துகிறேன். மறுபடி விடுகிறார். உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை முறை எனக்குப் பதில் சொன்னதில்லை.

அதோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிறு வாலுவும் பின்னாலேயே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏதோ பேசிக்கொண்டே வந்தவள் பாதிப் பேச்சில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். கண்கொட்டாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. கையைத் தொட்டேன், தெரியவில்லை. பிறகு தானாகவே, "இப்ப என்னம்மா சொன்னே?" என்றாள்.

"அப்பா கூப்பிட்டாரா?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய் அழுதுவிட்டாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது முதல் தடவை இல்லை. சாப்பிடும்போது ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. "கிளாஸ்ல உக்காந்திருக்கா, ஆனா ஆள் இருக்க மாட்டேங்கறா" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவை நினைத்து ஏங்குகிறாள் என்கிறார்கள். வேறு மாதிரியும் சொல்கிறார்கள். அந்தக் காரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. உனக்குத் தெரியும். இப்போது மத்தியான வெயிலில் கொட்டகையைத் தாண்டிப் போக யோசனையாக இருக்கிறது.

இந்த வாரம் கட்டாயம் எடுத்துவிடுவேன்.

அண்ணி

*

ஜூலை 3, கூரியரில்

அண்ணி,

கார் ஒன்றும் செய்யவில்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வாலுவை உடனே ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளைப் பார்க்கிற டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். ஸ்பூன் நிற்பது, வாய் மெல்வது, பிறகு என்ன சொன்னே என்று கேட்பது, எல்லாவற்றையும். காட்டும்வரை அவளைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள். சைக்கிள் வேண்டாம், நீச்சல் வேண்டாம், மொட்டை மாடி வேண்டாம்.

உங்கள் எண்ணுக்கு நாற்பது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கிளம்பி வந்திருப்பேன். வந்தால் கதவைத் திறப்பீர்களோ என்னவோ என்று பயமாக இருக்கிறது.

ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். முதலில் காட்டுங்கள்.

திருப்புளி

*

ஜூலை 8

ஏன் என்று கேட்காதே என்று சொல்ல நீ யார்?

டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது நீ சொன்னதற்காக இல்லை. உன் கடிதத்தைப் படிக்கும்போதே அவளுக்கு மறுபடி வந்தது. குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் நழுவியது.

வாய் மெல்வதைப் பற்றி நான் ஒரு வரிதான் எழுதினேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். எங்கே பார்த்தாய் அதை? யாரிடம் பார்த்தாய்?

அவரை எடுத்த அன்றைக்கு அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவர் போனை எடுத்து, நீ அனுப்பியிருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். "நல்லா மிதிண்ணா. பயப்படாதே." நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் நினைத்தேன். இப்போது பார்த்தால் அந்த மௌனத்துக்குள் வேறு ஏதோ இருந்திருக்கிறது.

என் காரில் வைத்தாயே ஒரு பெட்டி, அதே வேலையைத்தான் எனக்கும் அவருக்கும் நடுவில் நீ செய்துகொண்டிருந்தாயா? அங்கே ஒன்றரை, இங்கே ஒன்று?

முழுசாக எழுது. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

*

ஜூலை 12

அண்ணி,

முழுசாக எழுதுகிறேன். நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்புவேன்.

அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. மாடிப்படியில் வாளித் தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். கை கால் விறைத்தது. வாளியோடு உருண்டு வந்தான். கீழே நின்ற நான்தான் முதலில் பார்த்தேன். வலிப்பு என்றார் டாக்டர். அம்மா என் வாயைக் கையால் பொத்தி, "இது இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொன்னாள். இரண்டு மூன்று வருடம் மாத்திரை சாப்பிட்டான். நின்றுவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டதாக நடித்தோம். நடித்து நடித்து நிஜமாகவே மறந்தும் போனோம். உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அம்மா என்னைத் தனியாக அழைத்து மறுபடி அதையே சொன்னாள். தலையை ஆட்டினேன். உங்களுக்கு நான் செய்த முதல் துரோகம் அது. அப்போது உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து அது திரும்ப வந்தது, என் பட்டறையில். பானெட்டுக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே நின்றான். வாய் மென்றது. விளையாடுகிறான் என்று நினைத்து அழுக்குத் துணியைச் சுருட்டி அவன்மேல் எறிந்தேன். துணி முகத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் கண் இமைக்கவில்லை.

வேறு ஊர் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து வருடம் கற்றுக்கொடுத்தவனிடம் அதைச் சொன்னார். பட்டறை வாசலுக்கு வந்ததும் சொன்னான். "வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். அவளுக்குத் தெரிஞ்சா கல்யாணத்துக்கு முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல." மாத்திரைகளை ஸ்பார்க் பிளக் டப்பாவில் போட்டு என் டூல்ஸ் டிராயரில் வைத்தோம். தினமும் காலையில் கார் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தது அதற்குத்தான்.

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. "நல்லாயிட்டேன், திருப்புளி" என்றான். இங்கேதான் என் பங்கு. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியில் எந்த வேகத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று மூன்று வாரம் உட்கார்ந்து புதுக்கணக்கு ஒன்று போட்டிருந்தேன். அது சாலையில் எப்படி இழுக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு மாதம் முடியவில்லை என்பது தெரிந்தேதான் அந்தச் செய்தியை அனுப்பினேன். நல்லா மிதிண்ணா, பயப்படாதே.

அந்தப் பெட்டி ஓட்டத்தைப் பதிவுசெய்து அவன் போன் வழியாக என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வேகம், காற்றழுத்தம், ஆக்சிலரேட்டரில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது, எல்லாம். அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு அது வந்து விழுந்தது. திறந்து பார்த்தேன். நான் சொன்னபடி மூன்றாவது கியரில் முழுசாக மிதித்திருந்தான், சரியான இடத்தில் காலை எடுத்திருந்தான். கோடு வழவழவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு நான்கு நிமிடம் சாதாரணமாக, அறுபதைத் தாண்டாமல் போகிறான். அப்புறம் கால் ஒரேயடியாகக் கீழே போகிறது. பதினொரு விநாடி. இன்ஜினின் சுற்று அதன் எல்லையைத் தொட்டும் கியர் மாறவில்லை. பிரேக் இல்லை. மிதித்த கால் ஒரு மயிரிழைகூட மேலே வரவில்லை. அதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது, அண்ணி. இன்ஜினைக் கெடுத்துவிட்டானே என்று. திட்டுவதற்காகப் போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் உங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

என் அண்ணன் அப்படி மிதிப்பவன் இல்லை. கியரை மாற்றாமல் இன்ஜினைக் கதறவிடுபவன் இல்லை. அது அவன் மிதித்தது இல்லை, கால் விறைத்தது. பெட்டி இல்லாவிட்டாலும் கார் சாலையைவிட்டு இறங்கியிருக்கும். ஆனால் அத்தனை வேகத்தில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போய் அந்த மரத்தில் மோதியிருக்காது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். பேசினால் வலிப்பைச் சொல்ல வேண்டும். வலிப்பைச் சொன்னால், தெரிந்தே ஓட்டவிட்டவள் நான் என்று ஆகும். வேகத்துக்கு ஆசைப்பட்டவள் என்று நீங்கள் சொன்னது அதைவிடச் சின்னக் குற்றம். அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூன் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தபோதுதான் அது என்ன வாக்கு என்று தெரிந்தது. வாலுவின் பங்கையும் சேர்த்து மூடிவைத்திருக்கிறேன்.

அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அழிக்க முடியவில்லை. சில நாள் திறந்து, அந்த நான்கு நிமிடத்தை மட்டும் பார்ப்பேன். மேடு வந்தால் கால் கொஞ்சம் அழுந்துகிறது, வளைவு வந்தால் இளகுகிறது. யாருக்கோ வழிவிட்டிருக்கிறான். ஒரு இடத்தில் நிறுத்தி, யாரோ கடந்து போனபின் கிளம்பியிருக்கிறான். பதினொரு விநாடி வருவதற்கு முன்னால் மூடிவிடுவேன். இங்கே ஜெனரேட்டர்கள் ஓடும்போது ஒன்றின் சத்தம் திடீரென்று ஏறினால் என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதுதான் முழுசு.

திருப்புளி

*

ஆகஸ்ட் 21

திருப்புளிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளும் வேலைக்குப் போனேன். என் வேலை தெரியும் உனக்கு. ஒரு நாளைக்கு நானூறு சட்டையைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஒரு தையல் விலகியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும் என்று பெயர். அன்று ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றிலும் முத்திரை குத்தி அனுப்பினேன். பத்து வருடம் ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையும் பார்க்காதவளுக்குச் சட்டையில் என்ன தெரியப்போகிறது என்று தோன்றியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது உங்கள் அம்மாவும் அவரும். பக்கத்தில் நின்று பரிமாறியது நீ. அவரிடம் சண்டை போட வழியில்லை. உங்கள் அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார். மிச்சம் நீ ஒருத்திதான். அதனால் எல்லாக் கோபத்தையும் உனக்கே எடுத்துவைத்திருக்கிறேன். சீக்கிரம் தீராது.

ஒன்று சொல்கிறேன். மூன்று வருடமாக அவர் எங்களை நினைக்காமல், வேகத்துக்காகப் போய் மோதிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். இரவில் அவரைத் திட்டிக்கொண்டேதான் தூங்குவேன். அந்த ஒன்றாவது இப்போது இல்லை. அதை நீ முன்பே கொடுத்திருக்கலாம்.

பெட்டியை எடுத்துவிட்டேன். நீ எழுதியபடியே வந்தது. ஒரு ஒயரும் அறுபடவில்லை. இன்ஜினை அந்த ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனார். பெட்டியைப் பழைய துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. வெறும் கூடுதான் இப்போது கொட்டகையில் நிற்கிறது. ஆனாலும் சில மத்தியானம் அந்த மூச்சு கேட்கிறது. கேட்டால் கேட்கட்டும் என்று என் வேலையைப் பார்க்கிறேன்.

வாலுவைக் காட்டினோம். தலை முழுக்க ஒயர் ஒட்டி, கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார்கள். ஊதிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். காற்றாடி சுற்றி நின்றது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவ்வளவு நேரம் புல்போல அசைந்த கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து குதித்தன. ஒன்பது விநாடி. அப்புறம், "நான் ஊதினேனா?" என்று கேட்டாள்.

இதுவும் வலிப்புதான், இந்த வயதில் வருகிற வகைக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும், பலருக்கு வளர வளர நின்றுவிடும் என்றார். மாத்திரை தொடங்கி நான்கு வாரமாகிறது. ஸ்பூன் நிற்பது குறைந்திருக்கிறது. போன வாரம் டீச்சரோடு வாக்குவாதம் செய்து வெளியே நிறுத்தப்பட்டாள். சந்தோஷத்தில் எனக்குத் திட்டவே வாய் வரவில்லை.

ஆனால் டாக்டர் என்னிடம் கேட்டார். "அப்பா பக்கத்துல யாருக்காவது இருந்துச்சா?" அவருக்கே இருந்தது என்றேன். "எந்த வயசுல? எப்படித் தொடங்கும், கண்ணா, கையா? எவ்வளவு நேரம்? என்ன மாத்திரை? நின்னது திரும்ப வந்தப்போ அதே மாதிரியா, வேற மாதிரியா?" இவளுடையதும் அவருடையதும் ஒன்றா என்று தெரிந்தால்தான் எத்தனை வருடம் மாத்திரை என்று முடிவுசெய்ய முடியுமாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் உன் அண்ணனின் மனைவி. உன் கடிதத்தில் இருந்ததற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

உன்னை மன்னித்துக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்த தடவை காட்டும் நாள் செப்டம்பர் 9, காலை பத்தரை மணி. மாடிப்படியிலிருந்து தொடங்கி, ஞாபகம் இருக்கும் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதிக்கொண்டு வா. அந்தப் பதிவையும் கொண்டு வா. பதினொரு விநாடியோடு சேர்த்து.

அறைக்குள் வாலுவும் உட்கார்ந்திருப்பாள். குரலைத் தாழ்த்தாதே. அவளுக்கும் கேட்கும்படி சொல்.

அண்ணி